ஒரு சின்ன சந்தேகம், மேடம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு வேண்டாம். வெளியே பார்த்துக்கொண்டு வந்தால் யோசனை சிதறிவிடும், இன்றைக்கு எனக்கு அது சிதறக் கூடாது. மடியில் இருக்கிறதே இந்த நோட்டு, இதில் பதினோரு பாயின்ட் எழுதி வைத்திருக்கிறேன். புலிவலத்தில் இறங்கி, ஒருத்தி வீட்டுக்குப் போய், அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். நீங்களும் புலிவலம்தானா? நல்லதாகப் போயிற்று. இந்தத் துறையூர் பஸ் இன்னும் சத்திரம் பஸ் ஸ்டாண்டை விட்டே நகரவில்லை. ஒரு மணி நேரம் இருக்கிறது. நீங்களே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் முழுசாகக் கேட்ட பிறகுதான். பாதியில் குறுக்கே பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

வழக்கு இதுதான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

பார்த்தீர்களா, "நல்ல விஷயம்தானே" என்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவளும் அதையேதான் சொன்னாள், என் புகாரே அதுதான். பெயர் கோகிலவாணி. யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் ரெண்டு வருஷம் ஒரே அறை. ரெண்டு பேரும் பொருளாதாரம் எம்.ஏ., ரெண்டு பேரும் நெட் தேர்வு பாஸ். ஒரு கல்லூரியில் ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடம். ரெண்டு பேரும் போனோம். எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு சண்டை போட மாட்டேன் என்கிறாள். பேச மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். போன் செய்தால் எடுக்கிறாள். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்கிறாள். சண்டைக்கு வா என்றால் மட்டும் வர மாட்டேன் என்கிறாள். ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நீதிபதி சாப்பிடப் போய்விட்டால் அந்தக் குற்றவாளி என்ன செய்வாள்? குற்றவாளி என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்கு.

கல்லூரி பெயரா? சொல்ல மாட்டேன். நான் இப்போது அங்கே சம்பளம் வாங்குகிற ஆள். இந்த ரோட்டில்தான் இருக்கிறது, இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்காதீர்கள்.

அதற்கு முன்னால் நான் ஐந்து இன்டர்வியூ போயிருந்தேன். ஐந்திலும் தோற்றேன் என்று என் அப்பா சொல்வார். ஐந்திலும் ஜெயித்தேன், வேலைதான் கிடைக்கவில்லை என்று நான் சொல்வேன். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கேட்டார்கள், "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்குறீங்க?" என்று. "முதல்ல அஞ்சு வருஷம் கழிச்சு உங்க கம்பெனியை எங்க சார் பாக்குறது?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி. இன்னொரு கல்லூரியில் ஒரு பெரியவர், "கல்யாணம் ஆனா வேலையை விட்டுட்டுப் போயிடுவீங்களே" என்றார். "கல்யாணமான ஆம்பளைங்க எத்தனை பேர் சார் இங்க விட்டுட்டுப் போனாங்க? புள்ளிவிவரம் இருக்கா?" என்றேன். இல்லை என்றார். புள்ளிவிவரம் இல்லாமல் பேசக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டார்.

அப்பா ஆத்தூரிலிருந்து போன் செய்தார். "எழிலு, அஞ்சு எடத்துல உன்னை வேணாம்னுட்டாங்க. அஞ்சு பேருமா முட்டாளு?"

"இருக்கலாம்ப்பா. அஞ்சுங்கறது ரொம்பச் சின்ன சாம்பிள். அதை வச்சு ஒரு முடிவுக்கு வரக் கூடாது."

"நான் வந்துட்டேன். ஜூன் மாசத்துக்குள்ள வேலை இல்லைன்னா பெட்டியக் கட்டிட்டு வந்துடு. மாமா ஹார்ட்வேர்ஸ் கடையில பில் போட ஆள் வேணுமாம்."

ஆகவே எனக்கும் அந்த வேலை தேவைதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதோ அவளுக்கு மட்டும்தான் தேவை, நான் பொழுதுபோகாமல் போய் உட்கார்ந்தேன் என்று ஹாஸ்டலில் பேசிக்கொள்கிறார்களாம்.

அவளுக்கும் தேவைதான், நான் மறுக்கவில்லை. கோகிலாவின் அம்மா தனியாக இருக்கிறார்கள். கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அடுப்புப் பக்கம் தனியே விடப் பயம். அந்தக் கல்லூரி அவள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். காலையில் அம்மாவுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். ரெண்டு வருஷமாக அந்தக் கல்லூரியில் எப்போது இடம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இதெல்லாம் உணர்ச்சி. உணர்ச்சிக்கு இன்டர்வியூவில் மார்க் கிடையாது. இது என் மூன்றாவது பாயின்ட்.

முதல் பாயின்ட் இன்னும் பலமானது, கேளுங்கள். அந்த விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்ததே அவள்தான். "நீயும் போடுடி. ரெண்டு பேரும் சேர்ந்து போவோம், பஸ்ல பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றாள். பேச்சுத் துணை. என்னைப் போட்டிக்கு வந்தவளாகவே அவள் நினைக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், இது ஒரு அவமானம் இல்லையா? அந்த அவமானத்தை நான் இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை.

பிறகு எனக்குப் பயிற்சி கொடுத்தாள். ஒரு மாதம். மெஸ்ஸில் சாயங்கால டீ முடிந்ததும் மாடிப்படியில் உட்காருவோம். அவள்தான் தேர்வுக் குழு. வேண்டுமென்றே எனக்கு எரிச்சல் வருகிற மாதிரிக் கேட்பாள். "ஏம்மா, பொம்பளைங்கன்னா லீவு நிறைய போடுவீங்களே?" நான் வாயைத் திறப்பேன். "தண்ணி," என்பாள். பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்திருப்பாள். யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டு, "நல்ல கேள்வி சார்" என்று ஆரம்பிக்க வேண்டும். "அந்த ஒரு வாய்க்குள்ள பாதிக் கோவம் உள்ள போயிடும் எழில். மீதிப் பாதியை அறைக்கு வந்து என்கிட்ட காட்டு" என்பாள். முதல் வாரம் நான் குடித்த தண்ணீருக்கு ஹாஸ்டலில் மோட்டார் தனியாகப் போட்டிருக்க வேண்டும். நான்காவது வாரத்தில் அவள் என்ன கேட்டாலும் கோயில் சிலை மாதிரிச் சிரித்தேன். அவளே பயந்துவிட்டாள்.

அவளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அவள் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து நோட்டு எடுப்பான். பொய் சொல்லக் கூடாது, என்னைவிட நன்றாகவே எடுப்பாள். ஒரே ஒரு குறை. நடுவில் யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் அவளுக்கு எல்லாம் அழிந்துவிடும். பதில் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் கண் நிலைத்துவிடும், கை நின்றுவிடும், பிறகு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள். இதைச் சரி செய்கிறேன் என்று நானும் ஒரு மாதம் குறுக்கே குறுக்கே கேட்டுப் பார்த்தேன். என்னளவுக்கு அந்த வேலைக்குத் தகுதியான ஆள் வேறு யார்? சரியாகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். டெமோ கிளாஸ் எல்லா இடத்திலும் உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் பத்து நிமிஷம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் இங்கே பாடம் கேட்க மாணவர்கள் கிடையாது, கோடை விடுமுறை. அதனால் வேலைக்கு வந்த மற்றவர்களையே மாணவர்களாக பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒருத்தர் எடுக்க, மற்ற எட்டுப் பேரும் கன்னத்தில் கை வைத்துக் கேட்க வேண்டும். பின்னால் தேர்வுக் குழு. சந்தேகம் கேட்கலாம் என்று சொல்வார்கள், ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் லட்டு மாதிரி ஒன்று கேட்பார்கள். உன்னை நான் தொந்தரவு செய்யவில்லை, என்னை நீ செய்யாதே. வேலை தேடுகிறவர்களுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம். கோகிலா விசாரித்து வைத்திருந்தாள்.

எங்களுக்குள்ளும் ஒரு ஏற்பாடு. என் டெமோவில் அவள் எழுந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வி கேட்பாள். அவள் டெமோவில் நான் வாயைத் திறக்கக் கூடாது. "நீ எனக்கு எந்த உதவியும் பண்ண வேணாம் எழில். சும்மா இரு, அது போதும்" என்றாள். நான் "சரி" என்றேன். சத்தியம் செய்யவில்லை. "சரி" என்பது ஒப்புதலா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கான அடையாளமா என்பது விவாதத்துக்குரியது. நான்காவது பாயின்ட்.

மே மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நாள். காலையில் என் புடவைக்கு மடிப்பு எடுத்துப் பின் குத்திவிட்டதும் கோகிலாதான். புடவை கட்டாயமாம். மூளை கட்டாயம் என்று விளம்பரத்தில் எங்கேயும் போடவில்லை. தேர்வுக் குழுவில் மூன்று பேர். முதல்வர், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், அப்புறம் கல்லூரித் தாளாளர். தாளாளருக்கு அரிசி ஆலை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நானும் இன்னிக்கு ஸ்டூடன்ட்தாம்மா, பயப்படாம எடுங்க" என்றார். எந்த ஸ்டூடன்டுக்கு ரெண்டு போன் இருக்கும் என்று கேட்க நினைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். தேவை நெகிழ்ச்சி எடுத்தேன். விலை ஏறினால் எந்தப் பொருளை வாங்குவதைக் குறைப்போம், எதைக் குறைக்க மாட்டோம் என்கிற பாடம். நடுவில் தாளாளருக்குப் போன் வந்தது. "நெல்லுல ஈரம் எவ்ளோ இருக்கு?" என்று வகுப்புக்குள்ளேயே பேசுகிறார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சிரித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் தண்ணீர். அவர் போனை வைத்ததும் கோகிலா எழுந்தாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, இந்த ஊரிலேயே நான்தான் ஒன்றும் தெரியாதவள் என்கிற மாதிரி. "மேடம், உப்பு விலை ஏறினாலும் நாம வாங்குறதைக் குறைக்கிறதில்லையே, ஏன் மேடம்?" நான் ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி நின்றேன். பிறகு பொழிந்தேன். வெளியூர்ப் பேராசிரியர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். கோகிலா உட்காரும்போது எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு விரலை உயர்த்தினாள்.

ஐந்தாவது அவள்.

அவள் எடுத்தது குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பயப்படாதீர்கள் அக்கா, பெயர்தான் நீளம். பசியோடு வந்தவருக்கு முதல் பணியாரம் அமிர்தம். ரெண்டாவது நன்றாக இருக்கும். ஐந்தாவது போதும் என்று இருக்கும். எட்டாவது தண்டனை. அவ்வளவுதான் விதி. அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, சட்டி சூடாவதிலிருந்து ஆரம்பித்தாள். தாளாளர் ரெண்டு போனையும் கவிழ்த்து வைத்துவிட்டார். முதல்வர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரம்பலூர்க்காரர், அவரும் வேலைக்கு வந்தவர்தான், "இந்தம்மாவுக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

சந்தேகம் என்பது தும்மல் மாதிரி அக்கா. வந்தால் வந்ததுதான். நான் எழுந்தேன். "ஒரு சின்ன சந்தேகம், மேடம்" என்றேன். எவ்வளவு மரியாதையாகக் கேட்டேன் என்று பாருங்கள். "காலையில ஒரு பணியாரமும் சாயங்காலம் ஒரு பணியாரமும் சாப்பிட்டா, ரெண்டாவதுல பயன் குறையாதே மேடம். அப்ப போர்டுல நீங்க எழுதியிருக்கிற விதி தப்பா?"

இடைவெளி விடாமல் சாப்பிட்டால்தான் அந்த விதி பொருந்தும். அதுதான் பதில். அது அவளுக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவள் பாடத்திட்டத்தில் ஆறாவது நிமிஷத்தில் அது வருகிறது. முதலில் உதாரணம், பிறகு நிபந்தனைகள், பிறகு வரைபடம். மாடிப்படியில் முப்பது தடவை கேட்டிருக்கிறேன், எனக்கும் தெரியும். ஆனால் மற்ற ஏழு பேருக்குத் தெரியுமா? தாளாளருக்குத் தெரியுமா? நான் கேட்டது நான்காவது நிமிஷத்தில். அந்த ரெண்டு நிமிஷமும் நிபந்தனை இல்லாத ஒரு விதி போர்டில் அப்படியே நிற்கலாமா? உண்மை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? ஆறாவது பாயின்ட், ஏழாவது பாயின்ட், எட்டாவது பாயின்ட் மூன்றும் இதுதான்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. வேறு யாரோ கேட்டுவிட்டார்கள், அது யார் என்று என்னிடம் விசாரிக்கிற மாதிரிப் பார்த்தாள். சாக்பீஸ் போர்டிலேயே நின்றது. பிறகு திரும்பி, "வணக்கம். இன்று நாம் பார்க்க இருப்பது" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். சட்டி மறுபடியும் சூடானது. முதல் பணியாரம் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "போதும்மா, உக்காருங்க" என்றார் முதல்வர்.

வெளியே வந்ததும் அந்தப் பெரம்பலூர்க்காரர் என்னிடம் வந்தார். "ஏங்க, நாங்க யாரும் வாயைத் தொறக்கலையே. உங்களுக்கு என்ன?"

"உங்களுக்குச் சந்தேகம் வரலை. எனக்கு வந்துச்சு" என்றேன்.

"வராமலா சார் உக்காந்திருந்தோம்" என்று என்னைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதிரி ஆட்களால்தான் உயர்கல்வி இப்படி இருக்கிறது.

அப்புறம் வேறு வரிசையில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு ஒன்பது நிமிஷம். முதல்வர் ஏதேதோ கேட்டார். லீவு போடுவீர்களா என்று கேட்டார், ஆமாம், கோகிலா சொன்ன மாதிரியே. ஒரு வாய், ஒரு சிரிப்பு, "நல்ல கேள்வி சார்." வெளியூர்ப் பேராசிரியர், "பாடத்தில் ஆழம் இருக்கிறது, உப்புக் கேள்விக்கு உடனடியாக அருமையாகச் சொன்னீர்கள்" என்றார். தாளாளர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஒரு பொண்ணை மடக்குனீங்களே, நல்லா இருந்துச்சு" என்றார்.

"மடக்கலை சார். சந்தேகம்."

"அந்தப் பொண்ணு உங்க கூட வந்தவங்களா?"

பாட்டிலை எடுத்தேன். காலி. காலையிலிருந்து குடித்தே தீர்த்திருந்தேன். அதனால்தான் உடனே பதில் சொல்லும்படி ஆகிவிட்டது. "ஒரே யுனிவர்சிட்டி, சார்" என்றேன்.

இதில் என்ன பொய்? ஒரே யுனிவர்சிட்டிதானே? யாராவது போய் விசாரித்தால் இல்லை என்று சொல்வார்களா? தாளாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இப்படித்தான் இருக்கணும். பசங்களைக் கட்டி மேய்க்க இந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்று முதல்வரிடம் சொன்னார். எனக்கு இப்போது ஒழுங்குக் குழுவிலும் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். காப்பி அடிக்கிறவர்களைப் பிடிப்பது, காரிடாரில் நிற்கிறவர்களை விரட்டுவது. பொருளாதாரத்துக்கு நடுவே நேரம் கிடைத்தால் செய்கிறேன். இல்லை, அதற்கு நடுவே நேரம் கிடைத்தால் பொருளாதாரம்.

பாடம் நன்றாகப் போகிறது, கேட்டதற்கு நன்றி. ஒரே ஒரு பெண் மட்டும், ரெண்டாம் ஆண்டு, நான் நடத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து எழுந்து கேட்கிறாள். "உக்காரும்மா, எல்லாம் வரிசையாத்தான் வரும், கடைசியில கேளு" என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆசிரியர் மனசில் ஒரு வரிசை வைத்திருப்பார் என்பதுகூடத் தெரியவில்லை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு.

மண்ணச்சநல்லூர் வந்துவிட்டதா? சரி, சுருக்கமாகச் சொல்கிறேன்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நான் வாதத்துக்குத் தயாராக இருந்தேன். எட்டு பாயின்ட் அப்போதே ரெடி. அவள் திட்டினால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "வீட்ல எறங்கி சாப்ட்டுப் போகலாம் எழில். அம்மா பணியாரம் ஊத்தி வச்சிருக்காங்க. வரோம்னு சொல்லியிருக்கோம்ல."

இறங்கினோம். போகாமல் இருக்க முடியுமா? அவள் அம்மா என் கையைத் தடவிப் பார்த்து உட்கார வைத்தார்கள். தட்டில் பணியாரத்தை விரலால் எண்ணி எண்ணி வைத்தார்கள். "எம் பொண்ணு நல்லா எடுத்தாளா கண்ணு?" என்று என்னிடம் கேட்டார்கள்.

கோகிலாவே பதில் சொன்னாள். "நல்லா எடுத்தேம்மா. எழில்கூட எந்திரிச்சு ஒரு சந்தேகம் கேட்டா."

"அப்படித்தான் இருக்கணும்," என்றார்கள் அந்த அம்மா. "கூட இருக்கிற புள்ளை கேள்வி கேட்டுக் குடுத்தாத்தான் நமக்கு எடுத்துச் சொல்ல வாகா இருக்கும். இன்னும் ரெண்டு வச்சுக்க சாமி."

முதல் பணியாரமே எனக்கு ருசிக்கவில்லை அக்கா. விதிப்படி முதல் பணியாரத்தில் பயன் உச்சத்தில் இருக்க வேண்டும். பசி இருந்தது, இடைவெளியும் விடவில்லை, எல்லா நிபந்தனையும் சரியாக இருந்தது. இருந்தும் பூஜ்யம். இது ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம். வெயிலாக இருக்கலாம்.

பத்து நாளில் எனக்கு ஆர்டர் வந்தது. அவளுக்கு முதலில் நானே சொன்னேன், மறைக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். "வாழ்த்துகள் எழில். நல்லா பாடம் எடு. அம்மா சந்தோஷப்பட்டாங்க" என்று மெசேஜ் அனுப்பினாள். நான் உடனே போன் செய்து, "கோவமா இருந்தா கோவம்னு சொல்லுடி" என்றேன். "கோவம் இல்லைடி" என்றாள். "நான் கேட்டது தப்புன்னு நெனைக்கிறியா?" என்றேன். "நீ நெனைக்கிறியா?" என்றாள். "இல்லை, ஏன்னா முதலாவது" என்று ஆரம்பித்தேன். "அம்மா கூப்பிடுறாங்க, வச்சிடட்டுமா" என்று வைத்துவிட்டாள். நான்கு மாதமாக இப்படியே. அவள் அம்மாவும்தான் எத்தனை தடவை கூப்பிடுவார்கள்? இப்போது வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம். கூட்டமாம். எல்லாம் நன்றாகத்தான் போகிறது. அப்புறம் என்னோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் சண்டை போட்டு முடித்தால் என்ன? நான் ஜெயிப்பேன் என்று பயம்.

அதனால்தான் நேரிலேயே போய்விடுவது என்று முடிவு. பாயின்ட் எல்லாம் தயார். பத்தாவது மட்டும் கொஞ்சம் சரியாக வரவில்லை. பாருங்கள், நான்கு தடவை எழுதி அடித்திருக்கிறேன். அது அந்த "ஒரே யுனிவர்சிட்டி" விஷயம். உண்மையைத்தான் சொன்னேன், அதில் பிரச்சினை இல்லை. என்னவென்றால், அன்றைக்கு அறைக் கதவு திறந்திருந்தது. அவள் வெளியே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அடுத்து அவள் முறை. ஆனால் உள்ளே மின்விசிறி பயங்கரச் சத்தம். தாளாளரும் உரக்கப் பேசுகிறவர், என் குரல் கேட்டிருக்க வழியில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே? நான் வெளியே வந்தபோது எழுந்து நின்று, என் தோளில் பின் கழன்றிருக்கிறது என்று சரி செய்துவிட்டுத்தான் உள்ளே போனாள். கேட்ட ஒருத்தி அப்படிச் செய்வாளா?

என்னக்கா? இல்லை, நீங்கள் கேட்கலாம், நான் முடித்துவிட்டேன்.

கேட்டிருந்தால் செய்வாளா என்பதை விடு, நீ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும் என்று உனக்குத் தோன்றுகிறதா என்றா கேட்கிறீர்கள்?

இது நல்ல கேள்வி. நல்ல கேள்விதான். இதற்கு ரெண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் பார்த்தால்... இருங்கள், எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்க வேண்டும்.

புலிவலம் வந்துவிட்டதா, அதற்குள்ளாகவா? நீங்கள் இறங்குங்கள் அக்கா, பையை நான் எடுத்துக் கொடுக்கிறேன். நானா? இதோ. அவள் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருதான், ரொம்பத் தூரமில்லை. உங்கள் தெருவும் அதுதானா? கோகிலாவைத் தெரியுமா? தெரியுமென்றால், என்னைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டாம். சொல்லாதீர்கள். எழில் என்று ஒருத்தி, பஸ்ஸில், ரொம்ப நேரம்... இல்லை அக்கா, ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் அம்மா இப்போது தூங்குகிற நேரம். இந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டுவது நாகரிகம் இல்லை. அந்தப் பத்தாவது பாயின்ட்டையும் சரி செய்துகொண்டு நிதானமாகப் போவதுதான் முறை. அரைகுறை வாதத்தோடு போனால் அவளுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை.

கண்டக்டர் ஏன் இங்கே வருகிறார் என்று பார்க்கிறீர்களா? விசில் அடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே. நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, அதற்குள் மெஷினில் அடிக்கிறார் பாருங்கள்.

"துறையூர் ஒண்ணுதானேம்மா, எப்பவும் போல?"

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. போன ஞாயிறு மழை. அதற்கு முந்தின ஞாயிறு எனக்குத் தலைவலி. அதற்கு முந்தினது ஞாபகம் இல்லை. படி உயரமாக இருக்கும், பார்த்து இறங்குங்கள்.

ஆமாண்ணே. துறையூர் ஒண்ணு.